ஆள் பிடிக்கத் தெரியாதவளுக்கு வேலை கிடைக்குமா?

வாசகியின் கடிதம்:

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 28 வயது. சொந்த இடம் முல்லைத்தீவு விசுவமடு. கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்தில் படித்துவிட்டு, ஒரு தொண்டு நிறுவனத்தின் வாழ்வாதாரத் திட்டத்தில் கள உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். புதுக்குடியிருப்பும் ஒட்டுசுட்டானும் என் பகுதி. திட்டம் டிசம்பரோடு முடிகிறது. நீடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். “அழுத பிள்ளைக்குத்தான் பால், இப்பவே நாலு பெரிய ஆக்களைத் தெரிஞ்சு வை, நெட்வேர்க்கிங் செய்” என்று ஒபிசில் எல்லாரும் சொல்கிறார்கள்.

போன மாதம் கொழும்பில் ஒரு ஹோட்டலில் நடந்த கலந்துரையாடலுக்கு என்னை அனுப்பினார்கள். தேநீர் இடைவேளையில் எல்லாரும் கார்டு மாற்றிக்கொண்டு சிரித்துக் கதைத்தார்கள். நான் கோப்பையோடு ஓரமாக நின்றேன். ஒரு சேரிடம் போய் என்னை அறிமுகப்படுத்தினேன். அவர் என்னோடு கதைத்தபடியே கண்ணால் வேறு யாரையோ தேடிக்கொண்டிருந்தார். வெட்கமாகப் போய்விட்டது. ஊரில் வேலைக்காக அரசியல்வாதியின் ஆளைப் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு அது அருவருப்பு. இதுவும் அதுவும் ஒன்றுதானே?

பின்னேரத்தில் ஆண் உத்தியோகத்தர்களுக்குப் போன் எடுத்தால் அயலில் வேறு கதை வரும். லிங்க்ட்இன் கணக்குத் திறந்தேன், என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அடுத்த மாதம் கொழும்பில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. போகவா, விடவா?

— விசுவமடு வாசகி

பதில்:

தங்கச்சி, “இதுவும் அதுவும் ஒன்றுதானே” என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருப்பது இதுதான், அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் நீங்கள் குழம்பியதில் பிழையும் இல்லை. எங்கள் பக்கத்தில் இரண்டையும் ஒரே வாயால்தான் சொல்கிறார்கள். ஆளைப் பிடிக்கிறவர் முறையை வளைக்கச் சொல்லிக் கேட்கிறார், வரிசையில் முன்னால் நிற்கிற ஒரு பிள்ளையை விலக்கச் சொல்கிறார். வேலையால் பழகியவர் ஒருவர் தான் கண்ணால் கண்டதை, கேட்பவருக்குச் சொல்கிறார். “அந்தப் பிள்ளை ஒட்டுசுட்டானில எங்களோட வேலை செய்தவ, சொன்ன நாளுக்கு வருவா, கணக்குப் பிழைக்காது.” இதில் யாருடைய உரிமை பறிபோனது?

சந்தேகம் வந்தால் இப்படிப் பாருங்கள்: அவர் உங்களுக்குச் செய்வதை நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொல்ல முடியுமா? “தங்கச்சி, முல்லைத்தீவில ஒரு வெற்றிடம் வந்திருக்கு, வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், விளம்பரம் பாத்தனீங்களோ?” இதைச் சந்தையில் நின்றும் சொல்லலாம். “நேர்முகத்துக்கு எத்தனை பேர் வந்தாலும் அவளைத்தான் எடுங்கோ” என்பதை அப்படிச் சொல்ல முடியாது. முதலாவதை ஏற்றுக்கொள்ளுங்கள், இரண்டாவது தானாக வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வர்த்தமானியில் அறிவித்து, போட்டிப் பரீட்சை வைத்து ஆளெடுக்கும் அரச பதவிகளுக்குப் பழக்கம் உதவக் கூடாது. அங்கே தெரிந்தவர் செய்யக்கூடியது, அறிவித்தல் வந்ததைச் சொல்வதும் பழைய வினாத்தாள் தருவதும்தான். தொண்டு நிறுவனம், வங்கி, விதைக் கொம்பனி போன்ற இடங்களில் நிலைமை வேறு. விண்ணப்பங்களில் சிலரைத் தெரிந்தெடுத்த பிறகு, அவர்களோடு வேலை செய்த ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். அந்தப் போனை யார் எடுக்கப் போகிறார், அவர் உங்களைப் பற்றி என்ன கண்டிருக்கிறார் என்பதுதான் நீங்கள் யோசிக்க வேண்டியது.

இனி அந்தத் தேநீர் இடைவேளை. அதை நினைத்து நித்திரையைக் கெடுக்காதீர்கள். அப்படிக் கூட்டங்களில் மனிதர் எப்படி நடக்கிறார்கள் என்று அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் சோதித்து 2007 இல் எழுதியிருக்கிறார்கள். வியாபார முகாமைத்துவம் படிக்கும் நிறைவேற்று அதிகாரிகளை ஒரு விருந்துக்கு அழைத்து, யார் யாரோடு நிற்கிறார்கள் என்று பதிவுசெய்யும் மின்னணு அட்டையைச் சட்டையில் மாட்டிவிட்டார்கள். புதியவர்களைச் சந்திக்கத்தான் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள், முன்னரே தெரிந்தவர்களோடுதான் கூடுதலாகக் கதைத்தார்கள். நீங்கள் பார்த்த அந்தச் சிரிப்புக் கூட்டமும் பெரும்பாலும் பழைய கூட்டாளிகள்தான். அங்கே தனியாக வந்த ஒரு கிளிநொச்சிப் பட்டதாரி ஓரமாக நின்றதில் அதிசயம் என்ன?

ஆனால் உங்கள் ஒபிஸ் ஆட்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973 இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் புது வேலைக்குப் போனவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவுக்குச் சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்திப்போம் என்றவர்கள் நூற்றுக்கு 17 பேரளவில்தான். மற்ற எல்லாரும் எப்போதாவது, அல்லது அரிதாகச் சந்திக்கிற ஒருவர் மூலம் வேலை அறிந்தவர்கள். காரணம் லேசானது: எங்களுக்கு நெருங்கியவர்களுக்கு நாங்கள் அறிந்ததுதான் தெரியும். உங்கள் ஒபிசையே பாருங்கள். எல்லாருக்கும் ஒரே டிசம்பரில் வேலை முடிகிறது, எல்லாரும் ஒரே வட்ஸ்அப் குழுவில் வரும் ஒரே விளம்பரத்தைப் பார்க்கிறீர்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்ற பிறகு வடக்கில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் ஒரே கதவுகளைத் தட்டினார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதே கருத்தை லிங்க்ட்இன்னில் உள்ள சுமார் இரண்டு கோடிப் பேரை வைத்து ஐந்து வருடத் தரவில் சோதித்து 2022 இல் ஓர் ஆய்வு வந்தது. வேலை மாறக் கூடுதலாக உதவியவர்கள் முன்பின் தெரியாதவர்களும் இல்லை, உயிர் நண்பர்களும் இல்லை. பொதுவாகத் தெரிந்த சிலரைக் கொண்ட, நடுத்தரப் பழக்கமுள்ளவர்களே அவர்கள். உங்கள் நிலைமைக்கு இதை நான் இப்படி எடுக்கிறேன்: ஹோட்டலில் கார்டு தந்தவரை விட்டுவிடுங்கள். ஏதாவது ஒரு வேலையில் உங்களோடு நின்ற, ஆனால் நீங்கள் தினமும் காணாத ஆட்களைத் தேடுங்கள்.

அப்படி ஒருவரும் இல்லை என்பீர்கள். களத்தில் நின்று வேலை செய்த பிள்ளைக்கு இல்லாமல் இருக்காது. ஒரு கொப்பியை எடுங்கள். கமநல சேவை நிலையத்தில் உங்களுக்குப் பட்டியல் தந்தவர், கச்சான் விதை பகிர்ந்தபோது கூட வந்த விவசாயப் போதனாசிரியர், கமக்கார அமைப்புச் செயலாளர், கடன் கொடுக்க வந்த வங்கி உத்தியோகத்தர், பயிற்சிக்கு வந்த வளவாளர், உங்கள் ஆய்வைப் பார்த்த விரிவுரையாளர். அறிவியல்நகரில் உங்கள் பட்ச்சில் சிங்களப் பிள்ளைகளும் படித்திருப்பார்களே, அவர்கள் இப்போது அனுராதபுரத்திலோ குருநாகலிலோ என்ன செய்கிறார்கள்? இந்தக் கடைசி ஆட்களை எங்கள் பிள்ளைகள் பட்டம் வாங்கிய அன்றோடு மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபமும் உண்டு. நாலு வருடம் ஒரே ஆய்வுகூடத்தில் நின்றுவிட்டு, பிறகு “தென்பகுதியில் எங்களுக்கு யாரைத் தெரியும்” என்று கேட்கிறோம்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அவரோடு சேர்ந்து என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத ஒன்றும் வராத பெயரை வெட்டிவிடுங்கள், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

இவர்களுக்கு என்ன அனுப்புவது? வேலை கேட்காதீர்கள். கேட்டால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் பிறகு முகம் பார்க்க ஏலாது. வேலை தருகிற அதிகாரம் அவரிடம் அநேகமாக இருக்காது, தகவல் இருக்கும். ஒரு போதனாசிரியருக்கு இப்படி எழுதலாம்: “வணக்கம் சேர். போன வருடம் முத்தையன்கட்டில் கச்சான் செய்கைக்கு உங்களோடு வந்த பிள்ளை நான். அப்போது விதை எடுத்தவர்களில் இருவர் இந்த முறை தங்கள் விதையையே வைத்திருக்கிறார்கள், படம் அனுப்பியிருக்கிறேன். எங்கள் திட்டம் டிசம்பரில் முடிகிறது. விதை உற்பத்திப் பக்கம் தொடர்ந்து வேலை செய்ய விருப்பம். அந்தப் பக்கத்தில் யாரிடம் என்ன கேட்டுப் படிக்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.” இவ்வளவுதான். முதலில் அவருடைய வேலை என்ன ஆனது என்ற செய்தி. களத்தில் இருப்பவர்களுக்கு அது யாரும் திருப்பிச் சொல்லாத செய்தி. விதை கொடுத்தவருக்கு அறுவடை எப்படி என்று எவரும் சொல்வதில்லை. நீங்கள் சொன்னால் உங்களை மறக்கமாட்டார். பதில் வராவிட்டால் ஒரு முறை மட்டும் நினைவூட்டுங்கள், பிறகு விடுங்கள்.

புது ஆட்களைச் சந்திக்க வன்னியில் ஹோட்டல் மண்டபத்தை விட நல்ல இடம் இருக்கிறது, அதற்கு நீங்கள் ஏற்கெனவே போய்வருகிறீர்கள். போகத் தொடக்கத்தில் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தைத்தான் சொல்கிறேன். இரணைமடுவோ முத்தையன்கட்டோ வவுனிக்குளமோ, எந்தக் குளத்தின் கீழ் என்றாலும் அங்கே யார் வருகிறார்கள்? மாவட்ட, பிரதேச செயலகக்காரர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், விவசாயத் திணைக்களம், கமநல அபிவிருத்தித் திணைக்களம், காப்புறுதி, வங்கி, கமக்கார அமைப்புத் தலைவர்மார். எப்போது தண்ணீர் திறப்பது, எப்போது விதைப்பை முடிப்பது, கால்நடையை எப்போது அப்புறப்படுத்துவது என்று முடிவெடுக்கிறார்கள். சிறுபோகம் என்றால் இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் என்று பங்கு பிரிக்க வேண்டும், அங்கே குரலும் உயரும். யாரும் யாரையும் கவர வரவில்லை. எல்லாருக்கும் தலைக்கு மேல் ஒரு வேலை. உங்களைப் போல் வெறுங்கதை வராத ஆளுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

அந்தக் கூட்டத்தில் இப்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? பின் வரிசையில், வரவுப் பதிவில் கையெழுத்து வைத்துவிட்டு. காலபோகக் கூட்டங்கள் தொடங்கும்போது ஒரு சிறு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பிரிவுக் கமக்கார அமைப்புக்கு எடுத்த முடிவுகளை ஒரு பக்கத்தில் தெளிவாகத் தட்டச்சுச் செய்து, அடுத்த நாளே செயலாளருக்கும் போதனாசிரியருக்கும் அனுப்புங்கள். தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடியும் திகதி, யார் எந்த வாய்க்கால் துப்புரவுக்குப் பொறுப்பு. முதல் முறை “நல்லது பிள்ளை” என்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் “அந்தப் பேப்பரை ஒருக்கா அனுப்புங்கோ” என்று அவர்களே போன் எடுப்பார்கள். அந்தப் போன் வந்தால் நீங்கள் கொழும்பில் தேடியது உங்கள் பிரிவிலேயே கிடைத்துவிட்டது. சின்ன வேலைதான், ஆனால் இதைச் செய்ய யாரும் முன்வருவதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: செய்யமுடியாததை ஏற்காதீர்கள். வன்னிச் சனம் வாக்குறுதி கேட்டுக் களைத்துப்போன சனம். போர் முடிந்த பிறகு எத்தனை பேர் படிவம் நிரப்பிக்கொண்டு போனார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? “நான் கேட்டுப் பார்க்கிறேன்” என்று சொன்னால், கிடைக்காவிட்டாலும் போய், “கேட்டேன், கிடைக்கவில்லை” என்று சொல்லுங்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தடையை எடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாமலும் வயலுக்கு வந்து பயிரைப் பார்த்த உத்தியோகத்தர்களைக் கமக்காரர் இன்றும் பெயர் சொல்லிக் கதைக்கிறார்கள். வராதவர்களையும்தான்.

இங்கே இன்னொரு வசதியும் உண்டு. வன்னி ஒபிசுகளில் இருக்கும் உத்தியோகத்தர்களில் பலர் காலையில் யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ பஸ்ஸில் வந்து, பின்னேரம் அதே ஏ9 வீதியால் திரும்பிப் போகிறவர்கள். நாலு மணிக்குப் பிறகு கூடிக் கதைக்கிற வழக்கம் இங்கே குறைவு. பழக்கமெல்லாம் வேலை நேரத்துக்குள்தான். ஆகவே பின்னேரப் போன் பற்றிய உங்கள் கவலையால் நீங்கள் பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை. காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் இடையில், எழுத்தில் அனுப்புங்கள். நேரே போவதென்றால் மக்கள் சந்திப்பு நாளில் போங்கள், இன்னொரு உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. பெண் உத்தியோகத்தர்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்கள் இந்த அயல் கதையையெல்லாம் தாண்டி வந்தவர்கள், எதை எப்படிச் சமாளிப்பது என்று என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். உதவுகிறேன் என்று தொடங்கிய ஒருவர் இரவில் வேலைக்குச் சம்பந்தமில்லாத செய்தி அனுப்பினால், அது அந்த உதவிக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய விலை இல்லை. பதில் போடாதீர்கள், செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், நம்பிக்கையான ஒரு மூத்த பெண்ணிடம் சொல்லுங்கள்.

அரச உத்தியோகத்தர்களுக்கு வரும் இடமாற்றத்தையும் மனதில் வையுங்கள். கதிரையோடு பழகினால் ஆள் மாறியதும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆளோடு பழகினால் அவர் மன்னாருக்கோ திருகோணமலைக்கோ போன பிறகு உங்களுக்கு அங்கேயும் ஒரு தெரிந்தவர் இருப்பார். மாற்றலாகிப் போகிறவருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்புங்கள். வருகிறவரை வரவேற்கத்தான் எல்லாரும் ஓடுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். மனந்திறந்து கதைத்தால்தான் உண்மையான உறவு வரும் என்று பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் விசுவமடு என்று கேட்டதும், “2009 இல் எங்கே இருந்தீர்கள்?” என்று கண்ணை விரித்துக் கேட்பார்கள். சிலர் உண்மையான அக்கறையில் கேட்பார்கள், சிலர் அறிக்கையில் போட. இரண்டு பேருக்குமே நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. “அது பெரிய கதை சேர், இப்ப நான் செய்கிற வேலையைச் சொல்லுறன்” என்று திருப்பிவிடலாம். உங்கள் குடும்பம் பட்டதை அறிமுகச் சீட்டாக நீட்டிப் பிடிக்கிற உறவு, அடுத்த முறையும் அதையேதான் கேட்கும். ஊருக்குள் “எந்த இடம், ஆற்ற பிள்ளை?” என்று கேட்பது வேறு. இடம்பெயர்ந்து சிதறிய சனம் ஆளையாள் அடையாளம் கண்டுகொள்ளும் வழி அது. சில வேளை ஆளை எடைபோடுகிற வழியும்தான், அதை நான் மறைக்கவில்லை. இடத்தைச் சொல்லி, உடனே உங்கள் வேலையையும் சொல்லுங்கள்.

லிங்க்ட்இன் பற்றி: வைத்திருங்கள், அதில் குடியிருக்காதீர்கள். “ஆர்வமும் துடிப்பும் மிக்க” என்ற வகை வசனங்களை எடுத்துவிட்டு, எந்தப் பயிர், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எத்தனை குடும்பங்கள், என்னென்ன மொழி என்று எழுதுங்கள். மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இருந்தால் அதையும் போடுங்கள். களவேலைக்கு ஆளெடுப்பவர் அதைத்தான் முதலில் தேடுவார். சிங்களம் கதைக்க வராவிட்டால் இந்த மாதமே தொடங்குங்கள், அந்தப் பழைய பட்ச் நண்பர்களோடு தட்டுத்தடுமாறிக் கதைப்பதும் ஒரு பயிற்சிதான்.

கொழும்புக் கூட்டத்துக்குப் போகவா என்றால், ஒரு நிபந்தனையோடு போங்கள். நிகழ்ச்சி நிரலை இப்போதே எடுத்து, அதில் உங்கள் வேலைக்குக் கிட்டவான ஒரே ஒரு பேச்சாளரைத் தெரிந்தெடுங்கள். அவருக்கு முன்கூட்டியே இரண்டு வரி எழுதுங்கள்: நான் இன்ன இடத்தில் இன்ன பயிரோடு வேலை செய்கிறேன், உங்கள் பேச்சில் இந்த விடயம் வருமா என்று அறிய விருப்பம். அவர் பதில் போட்டால் இடைவேளையில் போய்க் கதைக்க உங்களுக்கு ஒரு விடயம் இருக்கும். போடாவிட்டால் பதிவு மேசையில் உதவுகிறேன் என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள், கையில் வேலை இருந்தால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. அதுவும் சரிவராவிட்டால், ஓரத்தில் இன்னொருவர் தனியாக நிற்பார், அவரோடு கதையுங்கள். அப்படி ஒரு விடயமும் ஆளும் நிரலில் இல்லையென்றால் போகவேண்டாம். போக்குவரத்துக்கு மட்டும் இரண்டு நாள் போய்விடும். அந்த நேரத்தில் கொப்பியில் உள்ள ஆறு பேருக்கு எழுதி முடித்துவிடலாம்.

கடைசியாக, திகதியோடு செய்யவேண்டிய வேலை ஒன்று. எங்கள் பிள்ளைகள் சுயவிபரக் கோவையின் அடியில் “உறவினர் அல்லாத இருவர்” என்று பாடசாலை அதிபரையும் ஒரு சமாதான நீதவானையும் போடுகிறார்கள். இருவரும் நல்லவர்கள், ஆனால் நீங்கள் வேலை செய்ததை இருவருமே காணவில்லை. உங்கள் வேலையைக் கண்ட இருவரிடம், ஒருவர் உங்கள் நிறுவனத்துக்கு வெளியில் இருப்பவராகப் பார்த்து, பெயர் போட நேரில் அனுமதி கேளுங்கள். திட்ட முகாமையாளரிடம் என்னென்ன வேலை செய்தீர்கள் என்று விபரமாக எழுதிய சேவைக் கடிதத்தை, நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், கையொப்பத்தோடு வாங்குங்கள். அவருடைய சொந்த மின்னஞ்சலையும் கேட்டு வையுங்கள், ஏனென்றால் திட்டம் மூடியதும் ஒபிஸ் மின்னஞ்சல் வேலை செய்யாது, ஆட்களும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். டிசம்பர் வரை பார்த்திருக்காதீர்கள். நவம்பரில் மழை இறங்கினால் அவர்கள் வெள்ள வேலையில் இருப்பார்கள், பிறகு கணக்கு முடிப்பில் இருப்பார்கள். ஒக்டோபருக்குள் கேட்டு வாங்கிவிடுங்கள்.